அடியைக் காட்டு: அழுகிய அடீனியம் பிழைத்த 241 நாள்

நேற்றுக் காலை என் அடீனியத்தில், பாலைவன ரோஜா என்பார்களே, அந்தச் செடியில் மறுபடி பூ விரிந்தது. ஒரே ஒரு பூ. ஐந்து இதழ், ஓரமெல்லாம் அடர்சிவப்பு, தொண்டைக்குள் போகப் போக வெளுப்பு. அடிக்கிழங்கில், அதாவது பருத்த அடித்தண்டில், பாதிக்கு மேல் அறுத்துப் போட்டு, இரண்டு தடவை இனிப் பிழைக்காது என்று நான் முடிவுகட்டிய செடி இது. நோயைக் கண்டுபிடித்த நாளை முதல் நாளாக வைத்தால் நேற்று 241-ஆவது நாள். அளவு எழுதிய நோட்டும் எடுத்த படங்களும் பக்கத்தில் இருக்கும்போதே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தொடங்கியது ஒரு பூப்படத்தில். செடி மூன்று வருடமாக என்னிடம் இருந்தது. அன்று ஒரே கொத்தில் ஏழு பூ. ஆசை ஆசையாகப் படம் எடுத்து, பல வருடமாக அடீனியம் வளர்க்கும் அக்கா ஒருவருக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து வந்த பதில் இது:

"பூ நல்லா இருக்கு தம்பி. பின்னாடி மண்ணு மேல பச்சையா படர்ந்திருக்கே, அது பாசியா? அடியைக் காட்டு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில், ஃபோகஸ் இல்லாத இடத்தில், மண்ணின் மேல் வழுவழுப்பான பச்சைப் படலம். மண் காயவே இல்லை என்றால்தான் அப்படிப் பாசி பிடிக்கும். தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போகிறேன், கண்ணில் பட்டதில்லை. கீழ் இலைகள் மூன்று வாரமாக மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்ததும் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன். அப்புறம் வெயில் போதவில்லை என்று தொட்டியை நகர்த்தினேன். அப்போதும் ஊற்றுவதைக் குறைக்கவில்லை. பூ வந்துகொண்டே இருந்ததால் செடி நலமாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். அடீனியம் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி. வேர் போன பிறகும் அந்தச் சேமிப்பிலேயே கொஞ்ச காலம் பூத்துத் தள்ளும்.

பழைய படம் ஏதாவது இருந்தால் கிழங்கின் அளவை ஒப்பிடலாமே என்று போனில் தேடினேன். இந்த ஒரு செடிக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம் படம். எல்லாம் பூ, மொட்டு, மழைத்துளி நிற்கும் இதழ். கிழங்கு முழுதாகத் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. அடீனியம் வகையை முதலில் தாவரவியல் பெயரோடு பதிவு செய்தவர் பேட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர். 1763-ல் ஏமனில் அவர் இறந்த பிறகு, 1775-ல் அந்தக் குறிப்புகள் அச்சாயின. அரளி இனத்தில் சேர்த்து 'நீரியம் ஒபிசம்' என்று பெயர் வைத்திருந்தார். ஒபிசம் என்றால் பருத்தது. ஏடன் நகரின் பெயரிலிருந்து 'அடீனியம்' வந்தது அதற்கும் பின்னால், 1819-ல். முதலில் பெயர் வைத்தவரே அடியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

அக்கா ஐந்து படம் கேட்டார். முழுச் செடி, கீழ் இலையின் பின்புறம், மண்ணும் கிழங்கும் சேரும் இடம், தொட்டியின் அடி ஓட்டை, கிழங்கை விரலால் அழுத்தும்போது ஒன்று. கூடவே இரண்டு நிபந்தனை: பக்கத்தில் அளவுகோல் வை, வெள்ளைத்தாள் ஒன்று வை. வெள்ளைத்தாள் எதற்கு என்று அப்போது புரியவில்லை. போன் கேமரா நிறத்தைத் தானே சரி செய்துகொள்கிறது. மாலை வெளிச்சத்தில் எடுத்தால் நல்ல இலையும் மஞ்சளாக வரும், நிழலில் எடுத்தால் மஞ்சள் இலையும் பச்சையாக வரும். படத்துக்குள் வெள்ளைத்தாள் இருந்தால், பார்ப்பவருக்கு எவ்வளவு நிறம் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஈரமும் எண்ணெய்ப் பளபளப்பும் அதில் ஒன்றுபோலத் தெரியும்.

அழுத்திய படத்தில் என் கட்டைவிரல் கிழங்குக்குள் மூன்று மி.மீ. போல அமுங்கியிருந்தது. அக்கா ஒரே வரியில் சொன்னார்: "இன்னைக்கே எடுத்துடு."

அன்று மாலையே தொட்டியைக் கவிழ்த்தேன். வெளிப்புற மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் மட்டும் ஒரு கட்டி அப்படியே நின்றது. செடி சின்னதாக இருந்தபோது நாற்றங்காலில் வைத்திருந்த தென்னைநார்த் தூள் கட்டி, குறுக்களவு ஏறக்குறைய 5 செ.மீ. வாங்கிய நாளில் தொட்டி மாற்றினேனே தவிர, அந்தக் கட்டியைப் பிரிக்கவில்லை. மூன்று வருடமாக அது ஈர ஸ்பாஞ்சு மாதிரி கிழங்குக்கு அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஈரம் பார்க்க மூங்கில் குச்சி குத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் வேர் காயப்படக்கூடாது என்று எப்போதும் தொட்டியின் ஓரத்தில்தான் குத்துவேன். ஓரம் காய்ந்திருக்கும், உடனே தண்ணீர் ஊற்றுவேன். என் தவறு முழுக்க அந்தக் குச்சி இறங்கிய இடத்தில் இருந்தது.

கட்டியை நீர்ப்பீய்ச்சியால் கரைத்தேன். உள்ளே வேர் என்று எதுவும் மிஞ்சவில்லை. பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்தது, நடுவில் நார் மட்டும் நின்றது. புளித்த வாடை.

முதல் அறுவை இரண்டாம் நாள். கருவிகள்: மெல்லிய அலகு கொண்ட கத்தி, 70 சதவீத ஆல்கஹால், பஞ்சு, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அடீனியத்தின் சாற்றில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அம்புமுனையில் தடவப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரளிக் குடும்பம்தானே. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இருக்கும் இடத்தில் வெட்டிய துண்டுகளை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கிழங்கின் அகலம் 92 மி.மீ. அடியிலிருந்து 20 மி.மீ. வெட்டி எடுத்தேன். வெட்டுமுகம் வெளுப்பாக இருந்தது, ஓரத்தில் பழுப்பாகக் கடுகளவு ஒரு புள்ளி. கிழங்கு ஏற்கெனவே சின்னதாகிவிட்டதே, இன்னும் வெட்ட வேண்டுமா என்று மனசு வரவில்லை. கத்தி முனையால் அந்தப் புள்ளியை மட்டும் நோண்டி எடுத்தேன். பிறகு கிருமி ஏறாமல் இருக்க மெழுகை உருக்கி வெட்டுமுகம் முழுக்கப் பூசினேன். இரண்டும் தவறு. கண்ணுக்குத் தெரிந்த புள்ளி, கிழங்குக்குள் நீர் ஏறும் ஒரு குழாயின் முனை மட்டும்தான், அழுகல் அதன் வழியாக மேலே ஏறிப் போயிருந்தது. மெழுகோ உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் மூடிவிட்டது.

ஒன்பதாம் நாள் மெழுகின் விளிம்பில் பழுப்பு நீர் கசிந்தது.

இரண்டாவது அறுவையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செடி பிழைத்தது இங்கேதான். இந்த முறை ஒரே வெட்டாக வெட்டாமல் 5 மி.மீ. வில்லைகளாகச் சீவிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வில்லைக்கும் முன்னால் கத்தியை ஆல்கஹாலில் துடைத்து உலரவிட்டேன். துடைக்காமல் வெட்டினால் அழுகலை நாமே நல்ல சதைக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். ஒவ்வொரு வில்லையையும் வெள்ளைத்தாளில் வரிசையாக அடுக்கினேன். முதல் வில்லை முழுக்க பழுப்பு, கத்தி வெண்ணெய்க்குள் போவதுபோல் இறங்கியது. இரண்டாவதில் பழுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி நிலாப்பிறை மாதிரி இருந்தது. மூன்றாவதில் பிறை உடைந்து நாலைந்து புள்ளி. நாலாவதில் இரண்டு புள்ளி. ஐந்தாவதில் ஒன்று, அதுவும் தேடித்தான் தெரிந்தது. ஆறாவதை வெட்டும்போது கத்திக்கே வித்தியாசம் தெரிந்தது. நறுக்கென்று முறிகிற மாதிரி ஒரு சத்தம், உடனே வெட்டுமுகம் முழுக்கச் சாறு துளித்துளியாகப் பூத்து நின்றது. அழுகிய சதையில் அப்படிச் சாறு அரும்பாது. நிச்சயத்துக்காக ஏழாவதும் சீவினேன். சுத்தமான வெளுப்பு.

அந்த ஏழு வில்லைகளின் படம்தான் நான் இதுவரை எடுத்த செடிப் படங்களிலேயே மற்றவர்களுக்கு அதிகம் உதவியது. இரண்டு பேர் அதை வைத்துத் தங்கள் செடியில் எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். எங்கே வெட்ட ஆரம்பிப்பது என்பது யாருக்கும் தெரியும். நிறுத்தும் இடம்தான் தெரிவதில்லை. அதற்குச் சொல்லைவிடப் படம் மேல்.

மிஞ்சியது 70 மி.மீ. உயரம், வெட்டுமுகத்தில் 58 மி.மீ. அகலம், மேலே மூன்று கிளை. இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டேன், வேர் இல்லாத செடிக்கு இலை செலவுதான். வெட்டுமுகத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை மெல்லிய துணியில் கட்டித் தட்டித் தூவினேன், முகக்கவசத்தோடு. மெழுகு கிடையாது, எதுவும் கிடையாது. கயிற்றில் கட்டி, நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட்டேன். தரையில் வைத்தால் வெட்டுமுகத்தின் கீழே காற்று போகாது.

கிளைகளில் இரண்டை வெட்டி ஒட்டுக் கட்ட எடுத்துக்கொண்டேன். அடி பிழைக்காவிட்டாலும் இந்தப் பூ என் கையை விட்டுப் போகக்கூடாது. விதையிலிருந்து இதே பூவை எதிர்பார்க்க முடியாது, நாற்றுக்கு நாற்று நிறம் மாறும். அதே பூ வேண்டுமென்றால் ஒட்டுத்தான். எட்டு மாத வயதில், பென்சில் பருமனில் மூன்று விதைநாற்று இருந்தன. ஒட்டுக்குச்சி 3 செ.மீ. நீளம், கீழ்முனை ஆப்பு வடிவம். நாற்றின் தலையை வெட்டி V போல் பிளந்து சொருகி, நெகிழ்வான பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, மேலே ஒரு சின்னப் பை கவிழ்த்து நிழலில் வைத்தேன். ஒட்டுக் கட்டிய பத்தாம் நாள் பையை எடுத்தபோது இரண்டில் பச்சை முளை. மூன்றாவது கறுத்துவிட்டது. அதில் குச்சி நாற்றைவிட மெலிதாக இருந்தது, நடுவில் வைத்துக் கட்டியிருந்தேன். பருமன் ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்க ஓரமாவது பட்டையோடு பட்டை சேரும்படி தள்ளி வைத்திருக்க வேண்டும்.

தொங்கவிட்ட செடிக்கு வருவோம். பதினாறு நாள். தோல் சுருங்கியது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வெட்டுமுகம் மரப்பட்டை மாதிரி கெட்டியாகி, நகத்தால் கீறினால் தூள் உதிரும் நிலைக்கு வந்தது. 25-ஆம் நாள் நட்டேன்.

மண்கலவைக்கு உடைத்த செங்கல் துண்டு 3 பங்கு, பருமணல் 1 பங்கு, தென்னைநார்த் தூள் 1 பங்கு. செங்கலை 6 மி.மீ. சல்லடையில் சலித்துக் கீழே விழுந்ததை மறுபடி 3 மி.மீ. சல்லடையில் சலித்தேன். இரண்டுக்கும் நடுவில் நின்ற துண்டுகளை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினேன். இதில் செங்கல் தூளைக் கழுவாமல் விட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். அது அடியில் போய்ச் சேறாகப் படிந்துவிடும். நுரைக்கல் கிடைப்பவர்கள் செங்கலுக்குப் பதில் அதைப் போடலாம், எடையும் குறையும்.

பழைய கலவையைத் தூக்கிப் போடும் முன் ஒரு சோதனை செய்தேன். இரண்டையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒரே அளவுத் தொட்டிகளில், செடி இல்லாமல் நிரப்பி எடை போட்டேன். நனைத்து வடியவிட்டு மறுபடி எடை. பழையது 680 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது, புதியது 370 கிராம். ஆறு நாள் கழித்துப் பழையதில் இன்னும் 480 கிராம், புதியதில் 170. காய்ந்த வேகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் பிடித்துவைத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது. நான் நாலு நாளைக்கு ஒரு தடவை ஊற்றிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் செடியின் அடி மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடக் காய்ந்திருக்காது.

இனி என் மூன்றாவது தவறு. 37-ஆம் நாள் கிளை நுனியில் பச்சையாக இலை மொட்டு. வேர் விட்டுவிட்டது என்று சந்தோஷத்தில் தொட்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். 46-ஆம் நாள் அந்த இலைகள் துவண்டன. மெதுவாக எடுத்துப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. வெட்டுமுகத்தின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன மொட்டுகள் மட்டும். கிழங்கில் இருக்கும் தண்ணீரை வைத்தே இலை விட்டிருக்கிறது. அடீனியத்தில் இலை வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சுருக்கம் மறைந்து கிழங்கு விறைப்பாவதுதான் அடையாளம். நல்ல வேளை, அழுகல் தொடங்கவில்லை. மூன்று நாள் காயவைத்தேன்.

இந்தத் தடவை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, வெளியே கறுப்புக் காகிதம் சுற்றினேன். காகிதத்தை விலக்கினால் வேர் தெரியும், செடியை இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கும் இடத்தில் வைத்தேன். தண்ணீர், வாரம் ஒருமுறை ஓரத்தில் 30 மி.லி. மட்டும். 71-ஆம் நாள் காகிதத்தை விலக்கியபோது சுவரை ஒட்டி ஒரு வெள்ளை வேர், ஒன்றரை செ.மீ. நீளம், நுனி கண்ணாடி மாதிரி. எத்தனையோ பூ பார்த்திருக்கிறேன், அந்த வேர் நுனிக்கு ஈடாக எதுவும் இல்லை. அதைத்தான் அக்காவுக்கு முதலில் அனுப்பினேன். "இப்ப ஊத்து," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் எடைதான். காய்ந்த நிலையில் செடியோடு தொட்டி 1,420 கிராம், நனைத்து வடிந்த பின் 1,790. தராசு 1,480 காட்டும்போது ஊற்றுவேன். செடி வளர வளர இந்த எண் நகரும், ஆகவே மாதம் ஒரு தடவை இரண்டு முனையையும் புதிதாக எழுதிக்கொள்கிறேன். குச்சியைக் கைவிட்டுவிட்டேன்.

வாரப்படமும் அன்றிலிருந்து தொடங்கியது. தரையில் சுண்ணாம்புக் கோடு, தொட்டி விளிம்பில் ஒரு புள்ளி. இரண்டும் சேரும்படி வைத்தால் எப்போதும் ஒரே முகம் தெரியும். போன் 60 செ.மீ. தள்ளி, கவிழ்த்த தொட்டியின் மேல், கிழங்கின் உயரத்தில். காலை ஏழரை, நேர்வெயில் விழுவதற்கு முன். அளவுகோலும் வெள்ளைத்தாளும் பக்கத்தில். மொத்தம் இரண்டு நிமிட வேலை. படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தள்ளிப் பார்த்தால் கிழங்கு மூச்சு விடுவதுபோல் தெரிகிறது, தண்ணீர் ஊற்றிய வாரம் உப்பும், மறுவாரம் ஒடுங்கும். 120-ஆம் நாள் வாக்கில் செடி வலப்பக்கம் சாய்வதையும் இப்படித்தான் பார்த்தேன். நேரில் தெரியவில்லை, படத்தில் அளவுகோலோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் வேர் விட்டிருந்தது. சாயும் பக்கத்தில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, மறுபக்கமாகத் தண்ணீர் விட்டேன். ஆறு வாரத்தில் அந்தப் பக்கமும் வேர் சுவரைத் தொட்டது.

இப்போது கிழங்கின் அகலம் 71 மி.மீ. பழைய 92-க்கு இன்னும் வெகுதூரம். வெட்டிய அடியிலிருந்து வேர்கள் சுற்றிலும் விரல் மாதிரி பருத்து வருகின்றன, முன்பிருந்த உருண்டை வடிவம் திரும்பாது. எனக்கு இந்த வடிவம் பிடித்திருக்கிறது.

அடுத்த செடி வாங்கும்போது முதல் மாதத்திலேயே வேரைக் கழுவி நாற்றுக்கட்டியைப் பிரிப்பேன். வாங்கிய அன்றே கிழங்கைப் படம் எடுப்பேன். வெட்ட வேண்டி வந்தால் வில்லையாகச் சீவுவேன், ஒரு புள்ளி மிஞ்சினாலும் நிறுத்தமாட்டேன். ஒட்டுக்கு V வெட்டை விட்டுத் தட்டை வெட்டு முயன்று பார்க்க வேண்டும், பருமன் சமமாக இருந்தால் அது சுலபம் என்று அக்கா சொல்கிறார்.

பிழைத்த இரண்டு ஒட்டில் ஒன்று நாளை அவரிடம் போகிறது. பெயர்ச்சீட்டில் ஒட்டுக் கட்டிய நாளையும் எடையையும் எழுதியிருக்கிறேன்: காய்ந்தது 640 கிராம், நனைந்தது 810 கிராம், 670-க்கு வந்ததும் ஊற்றவும்.